பதினொரு விநாடிச் சத்தம்

“பிப்ரவரி நாலாம் தேதி, காலைல ஏழே கால் மணி. போன்ல பதிவானது. இதே சத்தம் இந்தக் கார்ல வரணும்ண்ணே.”

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அவள் நீட்டிய போனைக் காதில் வைத்தார்.

ஓர் இன்ஜின் நெருங்கி வந்தது. நின்றது, ஆனால் அணையவில்லை. பதினொரு விநாடி அதே இடத்தில் டக்டக்கென்று ஓடியது. பிறகு கியர் விழும் ஓசை. போய்விட்டது. ஊடே, ஈரத்துணிக்குள்ளிருந்து யாரோ மூச்சு விடுவதுபோல் ஏதோ ஒன்று.

“எதுக்கு நடுவுல நின்னுச்சோ?” என்றார்.

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நாற்பது வயதிருக்கும். ஓட்டி வந்த காருக்கும் அதில் பாதி வயதாவது இருக்கும்.

“எல்லாரும் சத்தம் போகணும்னுதாம்மா வருவாங்க. சத்தம் வேணும்னு வந்த முதல் ஆள் நீங்கதான்.”

“ஒன்பது ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கிட்டேன். பாதிப் பேர் பைத்தியம்னு நினைச்சு அனுப்பிட்டாங்க. ஒருத்தர்தான், இது இந்த மாடல் இன்ஜின்னு சொன்னார். இந்தக் காரைத் தேடிப் பிடிச்சு வாங்கினேன்.”

“அப்படி என்னம்மா இந்தச் சத்தத்துல?”

“என் வீட்டுக்காரர் ரெண்டு மாசமா படுத்த படுக்கை. கண்ணு திறந்திருக்கும், யாரையும் தெரியாது. நான் கூப்பிட்டாலும் அசைவில்ல, பிள்ளைங்க கூப்பிட்டாலும் அசைவில்ல. இதைப் போட்டா மட்டும் விரல் மடங்குது. இந்தச் சத்தம் எனக்குக் கிடைச்சாகணும்ண்ணே. அவருக்காக நான் செய்யறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு.”

மெக்கானிக்குக்கு மனது இளகிவிட்டது.

“அந்தக் காரை வித்துட்டீங்களா?”

“அது எங்க இருக்குன்னே தெரியல.”

கை மாறிக் கை மாறிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். “சரி, இன்ஜின் அதே ஜாதிதான். மிச்சமெல்லாம் ஆயில்ல இருக்கு. பார்ப்போம்.”

முதலில் மெல்லிய ஆயிலை ஊற்றினார். ஒவ்வொரு வால்வும் ஆணி அடித்தது. அவள் போனைக் காதில் வைத்துக் கேட்டு, தலையை ஆட்டினாள். அதை வடித்துவிட்டுக் கெட்டியான ஆயில். சத்தம் போர்வைக்குள் போய்ப் பேசியது. அதற்கும் தலையாட்டல். அடைப்பு எடுக்கும் அடிட்டிவ் ஒரு டின் விட்டதும், பத்தே நிமிடத்தில் இன்ஜின் சாதுவாகிவிட்டது.

“வேண்டாம்ண்ணே, போகுது. சத்தம் போகுது.” யாரோ கையை விட்டுப் போவதுபோல் அவள் பதறினாள்.

மெக்கானிக் பதிவை மறுபடி கேட்டார். சில வால்வு தட்டுகிறது, சில வால்வு தட்டவில்லை. மெல்லியதும் இல்லை, கெட்டியும் இல்லை.

“இது கடையில விக்கிற எந்த ஆயிலும் இல்லம்மா. கண்டதையும் கலந்து ஊத்தியிருக்காங்க. ரிப்பேருக்கு வந்த வண்டிக்கு எந்த மெக்கானிக்கும் இப்படிச் செய்ய மாட்டான்.”

“வேற எந்த வண்டிக்குச் செய்வாங்க?”

“சொந்த வண்டிக்கு” என்று சிரித்தார். மூலையில் இருந்த பெரிய கேனை இழுத்து வந்தார். அன்றாடம் வேலை முடிந்ததும் எல்லா டின்னிலும் அடியில் நிற்கும் ஆயிலை அதில்தான் வடிப்பார். அடிட்டிவ் மிச்சமும் அதற்குள்தான். அதையே ஊற்றி ஸ்டார்ட் செய்தார்.

டக். டக்டக். டக்.

அவள் போனை இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்தாள். எது போன், எது இன்ஜின் என்று தெரியவில்லை. மெக்கானிக்கின் முன்கை மயிர் எழுந்து நின்றது.

கொட்டகையின் அந்தக் கோடியில், வேறொரு காருக்கு அடியில் தகடு தட்டிக்கொண்டிருந்த டிங்கரின் சுத்தியல் ஓசை நின்றது. தலையை வெளியே நீட்டாமலே குரல் கொடுத்தார்.

“என்னய்யா, டீச்சர் இன்னைக்கு ஸ்கூலுக்கு மட்டமா? சாப்பாட்டை மறந்து வெச்சுட்டு வந்துட்டியா?”

மெக்கானிக் சிரித்தே விட்டார். “என் வீட்டம்மாவைச் சொல்றான். அவ வண்டியும் முன்னாடி இப்படித்தான் கத்தும். டின்ல மிஞ்சினதெல்லாம் அவளுக்குத்தானே. ஏழு வருஷம் அதைப் பத்தி வாயே திறக்கல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள், ஸ்கூலுக்குக் கிளம்பின வேகத்துல திரும்பி வந்து, இந்தச் சத்தம் இனிமே என் காதுல விழக் கூடாதுன்னு ஒரே அழுகை. அன்னைக்கே புது ஆயிலா வாங்கி ஊத்தி, அடிட்டிவ் ஒரு முழு டின் விட்டேன். இப்ப பூனை மாதிரி போகுது.”

அவள் போனை அணைத்தாள்.

“அந்த ரோட்டுல தினமும் நின்னு கேட்டேண்ணே. ஒரு நாள்கூட வரல. ஆயிலை மாத்தினதாலதானா?”

“எந்த ரோடும்மா? உங்க பழைய காரும் இதே மாதிரி கத்தியிருக்கும், அவ்வளவுதான்.”

“இதுக்கு முன்னாடி நாங்க கார் வெச்சிருந்ததே இல்லண்ணே. அவர் நடந்துதான் வேலைக்குப் போவார். அன்னைக்கும் என்கிட்ட போன்ல பேசிக்கிட்டே நடந்தார். அது தானாப் பதிவாச்சு; முன் பாதியை வெட்டிட்டுத்தான் உங்களுக்குப் போட்டேன். இது அவரை இடிச்சுத் தள்ளிட்டு, நின்னு பார்த்துட்டுப் போன வண்டியோட சத்தம்.”

மாலை ஐந்தரை மணிக்கு, எந்த ஆயிலை எப்போது மாற்றினார் என்பதைக் காவல் நிலையத்தில் மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். டீச்சர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.