இரண்டு வருடச் சந்தா

தள்ளுபடி இன்றோடு கடைசி என்று கம்ப்யூட்டர் திரை மிரட்டியது.

ஆறு மாதம், முழு விலை. ஒரு வருடம், கொஞ்சம் குறைவு. இரண்டு வருடம், பாதிக்குப் பாதி. மூன்று கட்டங்களையும் ஜெஃபின் மாறி மாறிப் பார்த்தான்.

எதை அமுக்குவது என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை. ஆறு மாதம்தான்.

மனைவி லின்சிக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை கொச்சியிலிருந்து விமானம். அவள் போய்ச் சேர்ந்து, ஒரு வீடு பார்த்து, ஆறு மாதத்தில் அவனையும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அங்கே வந்தபிறகு இந்தக் கம்ப்யூட்டர் கார் பந்தய விளையாட்டு கூடாது.

சரி என்று தலையை ஆட்டியிருந்தான். வேறு வழி?

விளையாட்டென்றால் சும்மா இல்லை. போத்தனூரில் இருக்கிற அந்த இரண்டு அறை வீட்டில் ஓர் அறையே அதற்குத்தான். நிஜக் காரில் இருப்பதுபோல சீட்டு, ஸ்டீயரிங், மிதிகட்டைகள். நுழைவதற்குச் சந்தா தனி. ஓட்டும் காருக்கு விலை தனி. ஓடும் ட்ராக்குக்கும் தனி. ஆறு ட்ராக் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி உண்டு என்பதால், ஓட்டவே ஓட்டாத ட்ராக்குகளும் அவனிடம் இருந்தன. சந்தா நின்றால் வாங்கிய எதையும் தொட முடியாது. யானையை விற்றவன் அங்குசத்துக்கு மாதாமாதம் வாடகை வாங்குகிற வியாபாரம்.

பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை முடிந்து வந்தால் அவன் அந்த சீட்டில்தான். பந்தயத்தின் நடுவே எழுந்தால் புள்ளி போய்விடும். அயர்லாந்து வேலைக் கடிதம் வந்த அன்று லின்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். இவன் திரும்பாமலே இரண்டு விரலைக் காட்டினான். இன்னும் இரண்டு சுற்று. அவள் நின்றாள். இரண்டு சுற்றும் முடிந்து இவன் திரும்பியபோது அடுப்படியில் குக்கர் சத்தம் கேட்டது.

அவனுடைய கார்டு வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பணம் கட்ட மறுத்துவிட்டது. பயணத்துக்காக லின்சி தன் கார்டில் அந்த வசதியைத் திறந்து வைத்திருந்தாள். அதையே கேட்டான். கொடுத்தாள்.

"அம்மணி, ஆறு மாசத்துக்குப் போடறேன். உனக்கு ஓடிபி வரும், பாத்துச் சொல்லு."

அவள் தரையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ரெண்டு வருசத்துக்கே போட்டுருங்க. பாதி வெலைதானுங்களே."

ஜெஃபின் சிரிக்கப் பார்த்தான்.

தள்ளுபடிக்கு மயங்குகிற ஆளா லின்சி? ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற கடைக்காரரிடம், அந்த இலவசத்தை நீங்களே வைத்துக்கொண்டு எனக்குப் பாதி விலைக்குக் கொடுங்கள் என்று நின்றவள். மூன்று நாள் தாராபுரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதென்றாலும், பால்காரரிடம் சொல்லி நிறுத்திவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். தேவைக்கு மேல் ஒரு நாளைக்கும் அவள் காசு கொடுத்ததில்லை.

பாதி விலை என்றாலும், இரண்டு வருடத்துக்குக் கட்டுவது ஆறு மாதத்தைவிடக் கூடுதல்தான். அந்தக் கணக்கு அவனுக்கு முன்னாலேயே அவளுக்கு வந்துவிடும்.

"ஆறு மாசத்துல நான்தான் அங்க..." என்று தொடங்கினான்.

அவன் முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவன் முடிக்கவில்லை. ஒரு ஸ்வெட்டரை இரண்டாக மடித்து, பிறகு நான்காக மடித்து, பெட்டியின் ஓரத்தில் செருகினாள்.

எதற்கு இரண்டு வருடம் என்று கேட்டிருக்கலாம். லின்சிக்குப் பொய் சொல்ல வராது. கேட்டால் சொல்லிவிடுவாள். அந்தப் பயத்தில்தான் அவன் கேட்கவில்லை.

விரல் தானாகப் போய் மூன்றாவது கட்டத்தை அமுக்கியது. அவனுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பக்கம்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

அவள் போன் கிணுகிணுத்தது. வார்டில் மருந்து அளவைச் சொல்வதுபோல ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி வாசித்தாள். சரியாகக் கேட்டதா என்று இன்னொரு தடவையும் வாசித்தாள். அவன் தட்டினான். பணம் போய்ச் சேர்ந்தது. இரண்டு வருடம் தள்ளி ஒரு தேதி பச்சை எழுத்தில் வந்து நின்றது.

ஏதாவது பேசவேண்டும்போல இருந்தது. வாயில் வந்தது பணப்பேச்சுதான்.

"நாளைக்கு உன் அக்கவுண்டுல போட்டு உட்டர்றேன்."

ஐந்து வருடத்தில் அந்த விளையாட்டுக்கென்று அவள் பத்து பைசா கொடுத்தவள் இல்லை. வீட்டுச் செலவு பொது, விளையாட்டுச் செலவு உங்களுடையது என்று கல்யாணமான புதிதிலேயே பிரித்துவிட்டவள்.

லின்சி எழுந்து வந்து, மேசையிலிருந்த தன் கார்டை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க," என்றாள். "நான் குடுத்ததா இருக்கட்டும்."