பூநாரை பார்க்கப் போனவர்கள்

"தம்பி, நாங்கள் பூநாரை பார்க்க வந்திருக்கிறம். வேறை ஒரு கதையும் உன்ரை வாயிலை வரக்கூடாது, விளங்குதே?"

வான் வண்டியை விட்டு இறங்குமுன் ஞானாம்பிகை மகனுக்கு மூன்றாம் தடவையாகச் சொன்னாள். கோகுலன் தலையாட்டினான். லண்டனிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்தவன், ஞாயிற்றுக்கிழமை திரும்பவேண்டும். வயது முப்பத்தாறு. இதுவும் சரிவராவிட்டால் இனிக் கலியாணப் பேச்சே வேண்டாம் என்று போன கிழமை சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஞானாம்பிகைக்குச் சோறு இறங்கவில்லை.

பெண்ணுக்குத் தெரியாமல் பெண் பார்ப்பதில் இணுவிலில் அவளை மிஞ்ச ஆளில்லை. தேரடியில் பார்த்திருக்கிறாள், கலியாண வீட்டுப் பந்தியில் பார்த்திருக்கிறாள், ஒருமுறை பல் டாக்குத்தரின் வாசலில் தானும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இருந்து பார்த்திருக்கிறாள். ஆனால் புத்தூர் தனுசியா கோயில் குளத்தில் அகப்படுகிற ஆள் இல்லை. சுண்டிக்குளத்தில் சஃபாரி ஜீப் ஓடிப் பறவை காட்டுகிறவள். சாதகமோ நன்றாகப் பொருந்திவிட்டது. கலியாணத் தரகர் நமசிவாயம்தான் வழி சொன்னார்: "அரைநாள் சஃபாரிக்கு ரெண்டு இடம் பதியுங்கோ அக்கா. பறவை பார்க்கிற சாட்டிலை பிள்ளையைப் பாருங்கோ."

தனுசியா தொப்பியும் நீளச் சப்பாத்துமாக ஜீப்படியில் நின்றாள். கையில் ஒரு படிவம் இருந்தது.

"வாங்கோ அன்ரி. ஏற முன்னம் கொஞ்சம் கேள்வி இருக்கு. பாதுகாப்புக்குத்தான்." பேனையைத் திறந்து கோகுலன் பக்கம் திரும்பினாள். "பிரஷர், சீனி வருத்தம்?"

"இல்லை."

"குடி?"

ஞானாம்பிகை மகனின் காலை மிதித்தாள். பொய் வராத பிறவி அவன். "எப்பவாவது ஒரு பியர்."

"ஒரு அவசரம் எண்டால் ஆருக்கு அறிவிக்கிறது? மனிசிக்கோ?"

"மனிசி இல்லை. அம்மாதான்."

"அம்மா ஒண்டு சொல்லி, நீங்கள் வேறை ஒண்டு நினைச்சால்?"

கோகுலன் கொஞ்சம் யோசித்தான். "அவ சொல்லுறதைக் கேப்பன். பிறகு நான்தான் முடிவெடுப்பன்."

அந்தப் பதில் ஞானாம்பிகைக்குச் சுருக்கென்றது. என்றாலும், காட்டுக்குள் போகுமுன் இவ்வளவு விசாரிக்கிற பிள்ளை வீட்டையும் ஒழுங்காக வைத்திருப்பாள் என்று மனதுக்குள் ஒரு புள்ளி போட்டுக்கொண்டாள். மகனை 'அண்ணை' என்று கூப்பிட்டுவிடுவாளோ என்றுதான் வழி நெடுகப் பயந்தாள். நல்லகாலம், கூப்பிடவில்லை.

ஜீப் நீர்க்கரையோரமாக ஓடியது. கொக்கு, நாரை, கரையில் வெயில் காய்ந்த முதலை என்று தனுசியா காட்டிக்கொண்டே வந்தாள். ஞானாம்பிகை தொலைநோக்கியை எடுத்து முன் ஆசனத்தைப் பார்த்தாள். கிட்டத்தில் இருந்தபடியால் ஒரு காது மட்டும் தெரிந்தது. குறை சொல்ல முடியாத காது.

"நாள் முழுக்க உந்த வெயிலுக்கை நிண்டால் சமையலுக்கு நேரம் இருக்குமே பிள்ளை?"

"கொஞ்சம் கஷ்டம்தான் அன்ரி. உங்கடை மகன் சமைப்பாரோ?"

தேத்தண்ணிகூடப் போடத் தெரியாது என்று பெருமையாகச் சொல்ல அவள் வாயெடுக்க, அவன் முந்திக்கொண்டான். "பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைப்பன். புட்டுத்தான் சரிவாறேல்லை."

பெற்ற தாய்க்கு அது புதுச் செய்தி.

அந்த நேரம் பார்த்து ஜீப் ஒரு பக்கம் சரிந்து நின்றது. பின் சில்லு அரைவாசி சேற்றுக்குள் போய்விட்டது. தனுசியா திரும்பிப் பார்த்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆராவது இறங்கித் தள்ளினால்தான் எடுக்கலாம்."

கோகுலன் களிசானை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு இறங்கினான். மூன்று தரம் தள்ளினான். மூன்றாம் தரம் ஜீப் வெளியே பாய, அவன் முகங்குப்புற விழுந்தான். எழும்பியபோது கண் இரண்டும்தான் சேறில்லாமல் இருந்தன. ஜீப் இரைந்த சத்தத்தில், அப்பால் நின்ற பூநாரைக் கூட்டம் முழுவதும் கிளம்பி அவன் தலைக்கு மேலால் பறந்தது. விழுந்ததையும் மறந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். தனுசியா தண்ணீர்ப் போத்தலோடு இறங்கி ஓடினாள், அவளும் சிரித்தாள்.

ஞானாம்பிகைக்கு அழுகை வந்தது. இந்தக் கோலத்தில் பார்த்த பிறகு எந்தப் பெண் இவனுக்கு ஓம் என்பாள்? நாங்கள் ஏன் வந்தோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாதே, அந்த மட்டும் தப்பினோம் என்று நெஞ்சைத் தேற்றினாள்.

வான் வண்டியில் வீடு திரும்பும் வழியில், காய்ந்த சேற்றைச் சுரண்டியபடி கோகுலன் சொன்னான்: "அம்மா, எனக்கு ஓம்."

ஞானாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே தரகருக்குப் போன் எடுத்தாள். "பெடியனுக்குப் பிடிச்சுக்கொண்டுது. இனி மெல்லமா அவையின்ரை வீட்டிலை கதையுங்கோ. நாங்கள் வந்து பார்த்தது மட்டும் அந்தப் பிள்ளைக்குத் தெரியக்கூடாது."

மறுபக்கம் நமசிவாயம் செருமினார். "பிள்ளை இப்பதான் எடுத்தவ அக்கா. அவவுக்கும் ஓமாம். இந்த வருசம் நான் அங்கை அனுப்பின நாலாவது பெடியன் இவர். மற்ற மூண்டு பேரும் இறங்காமல் ஜீப்புக்குள்ளை இருந்தே அவவை ஏசினவையாம்."

ஞானாம்பிகை போனைக் காதோடு அழுத்தினாள். "அப்ப, ஜீப் சேத்துக்கை புதைஞ்சது?"

"ஏழு வருசமா அந்தக் கரையிலை ஓடுறா அக்கா. தானா ஒருநாளும் புதைஞ்சதில்லை."