நாலு மணி நேரமும் ஒரு சனிக்கிழமையும்

“ஆக்லாந்துல ஞாயித்துக்கிழமை விடிகாலையில ஏறினா, தேதிக்கோட்டைத் தாண்டி நம்ம சமோவாவுல, ஆப்பியாவுல சனிக்கிழமை காலையில இறங்கிடலாம்மா. மூவாயிரம் கிலோமீட்டர், நாலே மணி நேரம். கூடவே ஒரு முழு நாள் இனாம்!”

விமானத்தில் பக்கத்து இருக்கை டிரேசாவிடம் பெருமையாகச் சொன்னார் பெனியாமினா. ஆக்லாந்தில் பதினெட்டு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறவர். மடியில், மகள் செஃபினாவின் கல்யாணத்துக்கென்று தைத்த வெள்ளைக் கோட்டு.

“இன்னிக்கு மூணு மணிக்குக் கல்யாணம். தாயில்லாப் பிள்ளை. வளர்த்ததெல்லாம் என் தம்பியும் அவன் பெண்டாட்டியும்தான். நான் பணம் அனுப்பினேன், அவ்வளவுதான். ஆனாலும் சர்ச்சுக்குள்ள அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற வேலையை மட்டும் எனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்காங்க. அந்த மனசு யாருக்கு வரும்?”

டிரேசாவின் முகம் வாடியது.

“ஐயா... தேதிக்கோட்டுல ஆக்லாந்து பக்கமே சேர்ந்துக்கணும்னு போன மாசம் நம்ம சமோவா ஒரு வெள்ளிக்கிழமையை அப்படியே தாண்டிக் குதிச்சுதே? இப்ப ஆக்லாந்துல என்ன கிழமையோ, நம்ம ஊர்லயும் அதேதான். நாம இறங்கறப்ப அங்க ஞாயிறு.”

அவருக்குத் தெரியாததா? அன்றைக்கு சர்ச்சில் கைகூடத் தட்டினாரே! ஆனால் பதினெட்டு வருஷக் கணக்கு விரலிலேயே ஊறிப்போயிருந்தது. டிக்கெட் எடுத்தது அந்த விரல்தான்.

கல்யாணம் சனிக்கிழமை மூன்று மணிக்கு. அப்படியென்றால் நேற்றே முடிந்திருக்கும். கோட்டை மடித்து, மறுபடி மடித்து, சின்னதாக்கிக்கொண்டே வந்தார். இறங்கும்வரை டிரேசா அவர் கையை விடவில்லை.

விமான நிலைய வாசலில் தம்பி அலாபாட்டி நின்றான்.

“என்ன அண்ணே, முகம் வேகாத சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கு?”

“மன்னிச்சிடுடா. நீதானே அவளைக் கூட்டிட்டுப் போனே? அதுதான் நியாயம். வளர்த்த கை. நல்லா இருடா... நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்.”

“சரி சரி, அழுகையை இங்கேயே முடிச்சுக்கோ. அடுத்த விமானம் குட்டி. ஆளை எடை போட்டுத்தான் ஏத்துவான், கண்ணீரையும் சேர்த்துப் போட்டுடப் போறான்.”

“அடுத்த விமானமா? எங்கடா?”

“பக்கத்துல, அமெரிக்கச் சமோவாவுக்கு. பாகோ பாகோ, அரை மணி நேரம். ‘ஞாயிறு கிளம்பறேன்’னு நீ போன்ல சொன்னப்பவே செஃபினா கண்டுபிடிச்சுட்டா. வேற டிக்கெட் கிடைக்கல. சொன்னா நீ உடைஞ்சு போவேன்னு மூச்சு விடாம, மொத்தக் கல்யாணத்தையும் அங்க மாத்திட்டா.”

“அங்கயும் இன்னிக்கு ஞாயிறுதானேடா?”

“நாளைத் தாண்டினது நாமதான் அண்ணே, பாகோக்காரங்க தாண்டல. கோட்டைப் போட்டுக்கிட்டு நட, அங்க இப்பத்தான் சனிக்கிழமை காலை ஒன்பது மணி!”