மேலுதட்டில் ஒரு துளி

சிகிச்சை முடிந்து மறுபரிசோதனைக்கு வருகிற எல்லோரும் கதவுக்கு வெளியே தும்மிக்கொண்டிருப்பார்கள். பெயரைக் கூப்பிட்டதும் மூக்கைத் துடைத்து, கைக்குட்டையை ஒளித்துக்கொண்டு உள்ளே வந்து, "நல்லாருக்குதுங்க டாக்டர்" என்பார்கள். தீராத மூக்கொழுகலுக்கு நாங்கள் சோதித்துப் பார்க்கிற சிகிச்சை இது. கத்தி கிடையாது. மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டு, பின்னாலிருக்கும் நரம்பைக் குளிரால் உறைய வைப்போம். பலித்ததா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அன்று கடைசியாக வந்தவர் துளசிமணி. நூல் மில்லில் பஞ்சுத் தூசிக்கு நடுவே வேலை செய்கிறவர். மூடிய கைக்குள்ளிருந்து கைக்குட்டையின் ஈர நுனி தெரிந்தது.

"இன்னும் ஒழுகுதாம்மா?"

"இல்லீங்க."

மேலுதட்டில் ஒரு துளி இறங்கியது. இருவருமே அதைக் கவனிக்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"நீங்க பொய் சொன்னா, இத நம்பி நாளைக்கு நூறு பேரு வந்து மூக்கக் காட்டுவாங்கம்மா." என் குரலில் எனக்கே அலுப்புத் தட்டியது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இத்தன வருசத்துல என்ற மூக்கப் பத்தி ஒருத்தருங் கேட்டதில்லீங்க. அன்னைக்கு நீங்க வேர்த்து ஊத்த ஊத்த அவ்வளவு பொறுமையாப் பண்ணுனீங்க. வீணாப் போச்சுன்னு சொல்றதுக்கு வாய் வரலீங்க."

பேனாவை எடுத்தேன். எவ்வளவு ஒழுகுகிறது என்று அவர்கள் சொல்கிற எண்ணைப் படிவத்தில் போட வேண்டும். ஒழுகவே இல்லையென்றால் பூஜ்யம். தாங்கவே முடியவில்லையென்றால் பத்து.

"சரி, எத்தனை போடட்டும்?"

என் முகத்தைப் பார்த்தார். பிறகு, சமாதானப்படுத்துகிற குரலில் கேட்டார்:

"உங்களுக்கு எத்தனைங்க வேணும்?"