காற்றுப் பட்ட கடற்பஞ்சு

எங்கள் ஆய்வகத் தலைவர் கேமராவுக்கு முன்னால் மஞ்சள் கடற்பஞ்சு என்ற கடலுயிரியைத் தொட்டித் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கோப்பை ஜெயித்தவர் மாதிரி முகமெல்லாம் பல். இதன் சாற்றிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து வரலாம் என்று இப்போதுதான் பேட்டி கொடுத்து முடித்தார். கடலடிப் பாறையில் இருந்ததை ஒரு நொடிகூடக் காற்றுப் படாமல், நீருக்குள்ளேயே வாளியில் ஏற்றிக் கொண்டுவந்தவள் நான். இதன் துளைகளில் காற்று புகுந்துவிட்டால் அவ்வளவுதான், உள்ளுக்குள்ளேயே அழுகிச் செத்துப்போகும். எங்களிடம் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். "சார், தண்ணிக்குள்ளயே வச்சுக் காட்டுங்க, செத்துரும்!" "ஒரே நிமிஷம். சும்மா நொய்நொய்னு அரிக்காதம்மா." "இன்னும் கொஞ்சம் மேல சார்," என்கிறார் புகைப்படக்காரர். விளக்கு வெளிச்சத்தில் அதன் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து தலைவரின் பளபளக்கும் ஷூவின் மேல் விழுகிறது. ஷூ நனைவதைக் கண்டதும்தான் அவர் முகம் சுளிக்கிறார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் அதைத் தொட்டிக்குள் தொப்பென்று போடுகிறார். துளைக்குத் துளை குமிழிகள் கிளம்பி மேலே வருகின்றன. "பாருங்க, பாருங்க, மூச்சு விடுது!" என்று எல்லாரும் கை தட்டுகிறார்கள்.