காணாமல் போன ஆறு லாரிகள்

ஆறு லாரிகள் ஒரே நாளில் திருட்டுப் போய்விட்டன என்று பல்செட்காரரின் மனைவி போலீசுக்குப் போன் செய்துவிட்டாள்.

லாரி என்றால் ரோட்டில் ஓடுகிற லாரி இல்லை. பெட்டிக்குள் துண்டு துண்டாக வருகிற பிளாஸ்டிக் லாரி. ஒட்டி, பெயிண்ட் அடித்து, சேறும் துருவும் தத்ரூபமாக வரைந்து முடித்தால் முழங்கை நீளத்துக்கு ஒரு வண்டி நிற்கும். பகலெல்லாம் ஊரார் வாய்க்குப் பல்செட் கட்டிக் கொடுக்கிற மனிதருக்கு அதுதான் உலகம். ஒரு லாரியைக் கட்டி முடிக்க எட்டு மாதம் ஆகும். அடுத்த கிட் பெட்டியை வாங்க எட்டு நிமிஷம் போதும். அலமாரி பிதுங்கியது அப்படித்தான்.

போன வருஷம் மனைவி சட்டம் போட்டுவிட்டாள். அலமாரியில் இடம் இருந்தால் புதுப் பெட்டி வரலாம், இல்லாவிட்டால் வாசற்படி தாண்டக் கூடாது. இந்த நேரம் பார்த்துத்தானா கடைக்காரர் கூப்பிட வேண்டும்? நீள மூக்கு வைத்த பதினெட்டுச் சக்கர லாரி, கூடவே டிரெய்லர், ஒரே ஒரு கிட் வந்திருக்கிறதாம். சனிக்கிழமை வரைக்கும் எடுத்து வைப்பாராம். அதற்கு மேல் அவரைக் குறை சொல்லக் கூடாதாம்.

மனிதருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போன பகலில், ஆறு பெட்டிகளை அள்ளிக்கொண்டு போய்த் தன் பட்டறையில் பல் அச்சு வார்க்கும் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். திரும்பி வந்து பின்கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டார். லாரி கட்டும் அறையைத் தலைகீழாக்கினார். அலமாரியிலும் இடமாச்சு, மனைவி கொஞ்சம் திட்டுவாள், அப்புறம் இரக்கப்படுவாள் என்பது அவர் கணக்கு.

அவள் திட்டவே இல்லை. கண்கலங்கி நின்றாள்.

"உங்க உயிரே அதுலதான் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? பத்துப் பெட்டி வேணும்னாலும் வாங்கிக்குங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

இப்படி ஒருத்தியை ஏமாற்றினோமே என்று அவருக்கு மனசு குத்தியது. அந்தக் குத்தல் அடங்குவதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள். போனது போகட்டும், விடு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எவனோ அள்ளிக்கொண்டு போவான், நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார். ஆஜானுபாகுவான ஆள். சிரித்துப் பழக்கமில்லாத முகம். பின்கதவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேரே லாரி அறைக்குப் போனார். மிச்சமிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார். கட்டி முடித்த லாரி ஒன்றின் முன்னால் மண்டி போட்டு, சக்கர இடுக்கில் டார்ச் அடித்து ஐந்து நிமிஷம் பார்த்தார். கைரேகை தேடுகிறாராக்கும் என்று பல்செட்காரர் நினைத்தார்.

போன ஆறும் என்னென்ன வண்டி, பெட்டி பிரித்ததா பிரிக்காததா என்று ஒன்று விடாமல் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு மனைவியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் நகர்ந்ததும் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"திருடன் அறையையே கவுத்துப் போட்டிருக்கான். ஆனா பெயிண்ட் பாட்டில் ஒண்ணு விடாம மூடியை இறுக்கி வச்சிருக்கான்."

மேசை மூலையில் கவிழ்ந்திருந்த டப்பாவைத் தூக்கினார். அடியில், முந்தின நாள் சிவப்பு அடித்த லாரியின் பானெட் பளபளத்தது.

"ஈரப் பெயிண்ட்ல தூசி விழக் கூடாதுன்னு இதை வேற மூடி வச்சிட்டுப் போயிருக்கான். இவ்வளவு நல்ல திருடனை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல, சார்."

அறை முழுக்க உருட்டிய பல்செட்காரருக்கு ஈரப் பெயிண்டைத் திறந்து போட மட்டும் கை வரவில்லை. பொய்ப் புகாருக்கு உள்ளே போக வேண்டியிருக்கும் என்று இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சொன்னார். மனிதர் அலமாரிச் சட்டத்திலிருந்து மாவு மூட்டை வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஜெயில்கூடப் பரவாயில்லை, அவளிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திருட்டுன்னதும் வீட்ல என்ன சொன்னாங்க?"

"பத்துப் பெட்டி வாங்கிக்கச் சொன்னா, சார்."

"பத்தா? கொஞ்சம்கூட சந்தேகப்படலையா?"

"சத்தியமா இல்ல, சார். அவளுக்கு இதுல ஒரு பங்கும் கிடையாது."

இன்ஸ்பெக்டர் அதையும் எழுதினார். எழுதிய தாளைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவி தண்ணீரோடு வந்ததும், பலே கைகாரத் திருடன், பிடிக்க நாளாகும், அதுவரை இவர் மனசு நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்தத் தாள் எப்போது வெளியே வருமோ, என்ன விலை கேட்குமோ என்று பல்செட்காரர் நாலு நாள் தூங்கவில்லை. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் பின்கதவுப் பக்கம் நழுவினார்.

ஐந்தாம் நாள் காலையில் மனைவி பேப்பரோடு ஓடி வந்து செய்தியைப் படித்துக் காட்டினாள்: பட்டப்பகலில் நம் இன்ஸ்பெக்டர் வீட்டிலேயே புகுந்த திருடன், நகை நட்டு எதையும் தொடாமல், பரண்மேல் இருந்த பதினொரு லாரிக் கிட்டுகளை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விட்டானாம்.