நில் என்ற ஒரு சொல்

பெரியோர்களே, தாய்மார்களே, செல்லக்கிளியின் காதோடு உங்கள் காதையும் வைத்து இந்த அநீதியைக் கேளுங்கள். இமயப் பனிப்பாதையில் அவள் கணவன் இருளாண்டி முதுகில் மூட்டையும் நெற்றியில் கேமராவுமாக நடக்கிறான். சென்னையில் சாய்நாற்காலியில் கிடக்கும் செல்வந்தர் ஒருவர், அவனுக்குக் கூலி கொடுத்து, அந்தக் கேமராவில் பார்த்தபடி அவன் கண்வழியே மலையேறுகிறார். அவர் "நில்" என்று சொல்லும் முன் இருளாண்டி நின்றால் வேலை போய்விடும். ஊரில் இருக்கும் செல்லக்கிளியையும் சேர்த்து மூவருக்கும் ஒரே தொலைபேசி இணைப்பு.

"பனி இடுப்பளவு வந்திருச்சு, கிளி."

"கூடாரத்தப் போட்டு உள்ள போயிரு மாமா."

"ஐயா இன்னும் சொல்லலையே."

"அவரு கொறட்டை எனக்கே கேக்குது. தூங்குறவருக்கு எதுக்கு மலையக் காட்டுற?"

அவன் சிரித்தான், ஆனால் நிற்கவில்லை. "ஐயா, எந்திரிங்கய்யா" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். சற்று நேரத்தில் இருளாண்டியின் மூச்சு அடங்கியது. குறட்டை மட்டும் தொடர்ந்து கேட்டது.

நிற்கும் உரிமை நடப்பவனுக்கே வேண்டுமென்று இன்றே எழுந்து கேளுங்கள்.